சுழி பார்ப்பவர்கள் முதுகையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவை ஒட்டி நடக்கும் குதிரைச் சந்தையைப் பற்றி ஒவ்வொரு ஆண்டும் படங்களோடு செய்தி வெளியிடுகிறீர்கள். கத்தியவார் இனம் என்ன விலை, மார்வார் இனம் என்ன விலை, கால் தூக்கி ஆடிய வெள்ளை நுக்ரா குதிரை யாருடையது என்று வரி விடாமல் படிப்பவன் நான். எங்கள் ஊர் அந்தியூருக்குப் பக்கம்தான். ஆனால் சந்தையில் வாங்கிய குதிரையை வீட்டுக்கு ஓட்டி வந்த பிறகு அதன் முதுகில் எந்தச் சேணத்தைப் போட்டு ஏறுவது என்பதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அது தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு இடம் கொடுங்கள்.

நான் பள்ளி வேன் ஓட்டுகிறேன். என் அப்பா பவானியில் குதிரை வண்டி ஓட்டியவர். சாயங்காலம் வண்டியை அவிழ்த்ததும் அவர் முதலில் செய்வது தண்ணீர் காட்டுவதல்ல. குதிரையின் கழுத்திலும் முதுகிலும் பட்டை படும் இடமெல்லாம் உள்ளங்கையை வைத்து மெதுவாக ஒரு தடவு தடவுவார். எங்காவது சூடாக இருந்தால் மறுநாள் வண்டி பூட்டமாட்டார். அன்றைக்கு வீட்டில் வரும்படி இருக்காது, அம்மா ஒன்றும் சொல்லமாட்டார். சிறு வயதில் பார்த்த இந்த விஷயம் எனக்கு மறந்தே போயிருந்தது.

என் மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பக்கத்து ஊரில் ராணுவத்தில் குதிரைகளோடு பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லித் தருவார். அவரிடம் மூன்று வருடம் பழகினாள். இரண்டு வருடத்துக்கு முன்பு, சீட்டு எடுத்த பணத்தில், சந்தையில் ஒரு செவலைப் பெட்டைக் குதிரை வாங்கினோம். கத்தியவார் கலப்பு, 58 இஞ்சு உயரம், காது நுனி இரண்டும் உள்பக்கம் வளைந்து ஒன்றையொன்று தொடும். பவளம் என்று பெயர் வைத்தாள்.

வாங்கும்போது எங்களோடு வந்தவர்கள் ஒன்றரை மணி நேரம் சுழி பார்த்தார்கள். நெற்றிச் சுழி, நெஞ்சுச் சுழி, எது ஆகும், எது ஆகாது என்று விரல் விட்டு எண்ணினார்கள். பல்லைப் பார்த்தார்கள், குளம்பைத் தூக்கிப் பார்த்தார்கள். முதுகின் வடிவத்தை ஒருவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

பெரியவர் சொல்லிக் கொடுப்பது இங்கிலீஷ் சேணத்தில். எங்கள் பக்கத்து நாட்டுச் சேணம் வைக்கோலும் துணியும் அடைத்த மெத்தை மாதிரி இருக்கும். இங்கிலீஷ் சேணம் வேறு மாதிரி. அதற்குள் ஒரு சட்டம் இருக்கிறது. ட்ரீ என்பார்கள். மரத்தில் செய்ததும் உண்டு, பிளாஸ்டிக்கில் செய்ததும் உண்டு. ஏறுபவரின் எடையை முதுகெலும்பின் மேல் இறக்காமல் இரண்டு பக்கச் சதையிலும் பரப்பிக் கொடுப்பது அந்தச் சட்டம்தான். சட்டத்தின் வடிவமும் குதிரையின் முதுகும் ஒத்துப்போனால் அது முதுகுக்குப் பாதுகாப்பு. ஒத்துப்போகவில்லை என்றால் எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் அந்தச் சட்டமே முதுகைக் கடிக்கும்.

குதிரை வாங்கிய கையோடு சேணத்துக்கு என்னிடம் மிச்சமிருந்தது ஏழாயிரம் ரூபாய். பெரியவர் அப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருந்தார். திரும்பி வரட்டும் என்று காத்திருக்க மகளுக்குப் பொறுமை இல்லை, எனக்கும் இல்லை. ஒருவர் பழைய தோல் சேணம் ஒன்றை 6,500 ரூபாய்க்குத் தந்தார். நல்ல காப்பித்தூள் நிறம், எண்ணெய் போட்டுத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார். "எந்தக் குதிரைக்கும் செட் ஆகுமுங்க" என்றார். நான் அதன் தோலைத்தான் தடவிப் பார்த்தேன்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாரம், சேணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனாலே பவளம் காதைப் பின்னால் மடக்க ஆரம்பித்தது. வயிற்றுப்பட்டையை இழுத்துக் கட்டும்போது திரும்பி மகளின் சட்டைக் கையைக் கடித்து இழுத்தது. நடக்கச் சொன்னால் நடக்கும், துலுக்கி ஓடச் சொன்னால் தலையை உயர்த்திக்கொண்டு முதுகைக் குழித்துக்கொள்ளும். அக்கம்பக்கத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். பெட்டைக் குதிரை அப்படித்தான் என்றார் ஒருவர். சுழி சரியில்லை, அடுத்த சந்தையில் தள்ளிவிட்டுவிடு என்றார் இன்னொருவர். தள்ளிவிட்டுவிடலாமா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சவாரி முடிந்து சேணத்தை நான்தான் இறக்கினேன். வெயில் ஏறிவிட்டது, முதுகு முழுக்க வேர்வை. செவலை நிறம் நனைந்து கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. அதில் இரண்டே இரண்டு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் எலும்பு மேட்டுக்குக் கீழே, இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, ஒவ்வொன்றும் என் உள்ளங்கையில் பாதி அகலம். சுற்றிலும் முடி நனைந்து ஒட்டியிருக்க அந்த இரண்டு இடத்தில் மட்டும் முடி உலர்ந்து, குறுக்கும் நெடுக்குமாக நின்றது. அப்பா செய்தது மாதிரி உள்ளங்கையை வைத்தேன். பவளம் முதுகை அப்படியே கீழே இறக்கி நழுவிக்கொண்டது.

அரசு கால்நடை மருந்தகத்து டாக்டர் வந்து பார்த்தார். காய்ந்த இடம் என்றாலே கெடுதல் என்று அர்த்தமில்லை, சேணம் அங்கே படாமலே இருந்தாலும் காய்ந்துதான் இருக்கும், ஆனால் தொட்டால் இப்படி நழுவினால் அழுத்தம்தான் என்று விளக்கினார். அளவுக்கு மீறி அழுந்தும் இடத்தில் வேர்வை வராது என்றார். ஐந்து வாரம் யாரும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார். சில மாதம் கழித்து அந்த இரண்டு இடத்திலும் வெள்ளை முடி முளைத்தது. தோலில் நிறம் கொடுக்கும் செல்கள் அழுத்தத்தில் செத்துப்போனால் அப்படித்தான் முளைக்குமாம். இன்றைக்கும் இருக்கிறது, இனி மாறாது.

ஓசூரிலிருந்து வந்த பெரியவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தத் தோல் சேணத்தை எடுத்து மடியில் கவிழ்த்துப் போட்டார். முன்பக்கம் இரண்டு பக்கமும் இறங்கும் சட்டத்தின் முனைகளை இரு கையாலும் பிடித்து, உள்ளுக்கு ஒரு அமுக்கு, வெளிக்கு ஓர் இழு. "கேட்டியா கண்ணு?" என்றார் மகளிடம். கேட்டது. பேனா மூடியைத் திறக்கிற மாதிரி ஒரு சின்ன 'டிக்'. சட்டம் உள்ளே உடைந்திருந்தது. வெளியே தோலில் ஒரு கீறல்கூட இல்லை. உடையாமல் இருந்திருந்தாலும் பவளத்துக்கு அது ஆகியிருக்காது, முன்பக்கம் அகலம் அதிகம், எலும்பு மேட்டில் இறங்கி உட்காருகிறது என்றார்.

அந்த 6,500 ரூபாய் போனது போனதுதான். விற்றவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். அவரிடம் போய் நான் கேட்கவில்லை. தெரியாத இன்னொருவர் தலையில் அதைக் கட்டவும் மனசு வரவில்லை. பட்டைகளை மட்டும் பிரித்து எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிப் போட்டுவிட்டோம்.

அடுத்த சேணத்துக்கு 18,000 ரூபாய் என்று முடிவு செய்தோம். அதைச் சேர்க்க ஏழு மாதம் ஆனது. அதற்குள் மகள் எல்லாவற்றையும் பெரியவரிடம் கேட்டுக் கற்றுக்கொண்டாள். முன்பக்க அகலத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய சேணம் என்று ஒரு வகை இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இதில் ஆஸ்திரேலியாவின் வின்டெக் சேணம் பெயர் பெற்றது. முன்பக்கம் திருகைக் கழற்றினால் அடியில் குதிரை லாடம் மாதிரி வளைந்த ஓர் இரும்புத் தகடு இருக்கும். அதை எடுத்துவிட்டு வேறு அகலத் தகட்டைப் போட்டுக்கொள்ளலாம். அடையாளம் தெரிய ஒவ்வொரு அகலத்துக்கும் ஒரு நிறம். மஞ்சள் மிகக் குறுகல், அப்புறம் பச்சை, நடுத்தரம் கறுப்பு, அதைவிட அகலம் நீலம், இன்னும் அகலம் சிவப்பு, அதற்கும் மேல் வெள்ளை. வேறு சில கம்பெனிச் சேணங்களிலும் இதே மாதிரி வசதி உண்டு. பவளத்துக்கு அதெல்லாம் வேண்டுமா என்று நான் முதலில் தயங்கினேன். பெரியவர் சொன்ன காரணம் மனதில் பட்டது. "கோடையில் உன் குதிரை இளைக்கும், மழை பெய்து புல் முளைச்சா சதை போடும், வேலை வாங்க வாங்கத் தோள் விரியும். ஒரே அளவு எப்படி வருஷம் பூரா ஒத்துவரும்?" என்றார். மனுஷனுக்கே தீபாவளிக்குத் தைத்த சட்டை ஆடிக்குள் இறுக்கிப் பிடிக்கிறது. பணம் குறைவாக இருக்கிறவனுக்கு, ஒரே சேணத்தைக் குதிரையின் உடம்புக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ள முடியும் என்பது பெரிய உதவி. இன்னொன்று, அது செயற்கைப் பொருளில் செய்தது, ஈரத் துணியால் துடைத்தால் போதும். தோல் சேணம் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும், அதைப் பராமரிக்கவே தனியாக நேரம் வேண்டும்.

ஆனால் இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். தகட்டை மாற்றினால் மாறுவது முன்பக்க அகலம் மட்டும்தான். சட்டத்தின் நீளவாக்கு வளைவு மாறாது, நீளம் மாறாது, அடியில் முதுகெலும்புக்காக விட்டிருக்கும் இடைவெளியும் மாறாது. முதுகு தட்டையாக இருக்கும் குதிரைக்கு வளைந்த சட்டம் போட்டால் தொட்டில் மாதிரி ஆடும். முதுகு குழிந்த குதிரைக்குத் தட்டைச் சட்டம் போட்டால் முன்னும் பின்னும் மட்டும் பட்டு, நடுவில் பாலம் மாதிரி தூக்கி நிற்கும். இதற்கெல்லாம் எந்த நிறத் தகடும் மருந்தில்லை. விற்பவர் "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று சொல்லும்போது அதில் பாதிதான் உண்மை என்று வாங்குகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

சேணம் பொருத்திப் பார்க்கும் ஆட்கள் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். அதற்கென்று படித்துத் தேறி, வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். எங்கள் பக்கம் அப்படி யாரை அழைப்பது? மகள் செய்ததைச் சொல்கிறேன், யார் வேண்டுமானாலும் செய்யலாம். துணி காயப்போடும் கொடிக்கம்பி மாதிரி, வளைத்தால் வளைந்த நிலையிலேயே நிற்கும் கம்பியில் முக்கால் மீட்டர் எடுத்துக்கொண்டாள். பவளத்தைச் சமதரையில் நான்கு காலும் நேராக நிற்க வைத்தாள். தோள்பட்டை எலும்பின் பின்விளிம்பைக் கையால் தேடி, அதற்கு இரண்டு விரல் பின்னால், மேட்டின் மேல் கம்பியைக் குறுக்காகப் போட்டு இரண்டு பக்கமும் அமுக்கி முதுகோடு ஒட்ட வைத்தாள். அப்படியே கலையாமல் தூக்கிக் கொண்டுவந்து, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் வைத்துப் பென்சிலால் உள்பக்கக் கோட்டை வரைந்தாள். இதையே ஒரு சாண் பின்னால் இன்னொரு தடவை, நடு முதுகில் இன்னொரு தடவை. முதுகெலும்பின் மேலேயே நீளவாக்கில் ஒன்று. நான்கு கோட்டையும் அட்டைப்பெட்டி அட்டையில் ஒட்டி வெட்டினாள். தேதியும் எழுதி வைத்தாள். இடது பக்கத் தோள் வலதை விடக் கொஞ்சம் பருத்திருப்பது அந்த அட்டையைப் பார்த்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது.

சேணம் எவ்வளவு நீளம் வரலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. குதிரைக்கு 18 ஜோடி விலா எலும்பு. கடைசி விலாவை விரலால் தொட்டுக்கொண்டே மேலே போனால் முதுகில் ஒரு இடத்தில் முடியும். சேணத்தின் பாரம் தாங்கும் பகுதி அதைத் தாண்டிப் பின்னால் போகக்கூடாது. அதற்குப் பின்னால் இருக்கும் முதுகுக்கு விலா எலும்பின் தாங்கல் கிடையாது. பவளம் சிறிய குதிரை, இடம் குறைவு. ஆகவே மகளுக்கு வசதியான பெரிய இருக்கை வேண்டாம், பவளத்தின் முதுகில் அடங்கும் இருக்கை போதும் என்று அவளே சொன்னாள்.

பெங்களூரில் ஒரு மருத்துவ மாணவி வெளிநாடு போகிறார், வின்டெக் சேணத்தை விற்கிறார் என்று தெரிந்தவர் மூலம் சேதி வந்தது. 16,000 கேட்டார். அட்டைகளை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ராத்திரி பஸ் ஏறினோம். அந்தப் பெண் வீட்டு வராந்தாவில் சேணத்தைக் கொண்டுவந்து வைத்தார். மகள் "ஒரு பத்து நிமிஷம் பாத்துக்கட்டுங்களா அக்கா?" என்று கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

முதலில் கவிழ்த்துப் போட்டாள். முன்முனைகளைப் பிடித்து அமுக்கினாள், இழுத்தாள். சத்தமில்லை. அப்புறம் முன்பகுதியைத் தன் தொடையில் ஊன்றி, பின்மேட்டைப் பிடித்துத் தன்னை நோக்கி இழுத்தாள். லேசாக வளைந்து திரும்பியது. அந்த அளவு வளைவு இருக்கலாம். இருக்கையின் நடுவில் குறுக்காக மடிப்பு விழுந்தாலோ முனகல் சத்தம் வந்தாலோதான் கவலை. பிறகு பின்னாலிருந்து கண்ணை ஒட்ட வைத்து, அடி மெத்தைகள் இரண்டும் ஒரே உயரம்தானா, நடு ஓடை நேராக ஓடுகிறதா, எங்காவது குறுகுகிறதா என்று பார்த்தாள். ஓடைக்குள் மூன்று விரலைச் சேர்த்து நுழைத்து ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஓட்டினாள்.

அடி மெத்தையில் கம்பளி அடைத்த சேணம் உண்டு, ஸ்பாஞ்சு வைத்தது உண்டு, காற்றுப் பை வைத்ததும் உண்டு. கம்பளி கட்டி கட்டியாகப் போயிருந்தால் பிரித்து அடைக்கலாம். காற்றுப் பை ஓட்டை என்றால் அப்படிச் சரி செய்ய முடியாது. மகள் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி உள்ளங்கையால் அமுக்கி, ஒரே மாதிரி எதிர்த்துத் தள்ளுகிறதா என்று பார்த்தாள். வயிற்றுப்பட்டை மாட்டும் வார்களை மடக்கி, துளைகள் நீண்டிருக்கிறதா, மேலே தைத்த இடத்தில் நூல் விட்டிருக்கிறதா என்று பார்த்தாள். ஒரு வாரில் இரண்டு துளை நீண்டிருந்தது. அங்கவடி, அதாவது ஏறுபவர் கால் வைக்கும் வளையம், அதை மாட்டும் இரும்புக் கொக்கியின் வாயைத் திறந்து மூடிப் பார்த்தாள். விழும்போது கால் மாட்டிக்கொண்டால் அங்கவடியின் வார் அந்தக் கொக்கியை விட்டு உருவி வர வேண்டும், இல்லாவிட்டால் குதிரை ஆளை இழுத்துக்கொண்டு ஓடும். கொக்கி துரு இல்லாமல் இருந்தது.

நான் சும்மா நின்று பார்த்தேன். என் மகள்தானா இது என்று இருந்தது.

கடைசியாக அட்டையை எடுத்து முன்பக்கத்தில் வைத்தாள். சேணத்தில் இருந்தது கறுப்புத் தகடு. அட்டைக்கும் சேணத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் விரல் போகும் சந்து. "இது ஒத்துக்காதுங்கப்பா, தகடு மாத்தோணும்" என்றாள். நடு முதுகு அட்டையும் நீள அட்டையும் மட்டும் ஒட்டி உட்கார்ந்தன. அதுதான் முக்கியம், மாற்ற முடியாதவை அவைதான். வேறு தகடு இருக்கிறதா என்று கேட்டோம். அந்தப் பெண்ணிடம் இல்லை. "தனியா வாங்கிக்கணும் அங்கிள்" என்றார் நேர்மையாக. துளை நீண்ட வாரையும் தகடு வாங்கும் செலவையும் சொல்லி 13,500க்கு முடித்தோம். ஒரு நாள் வைத்துப் பார்த்துச் சரியில்லை என்றால் திருப்பித் தரலாமா என்று கேட்டபோது ஒரு வாரம் தருகிறேன் என்றார். பழைய சேணம் வாங்குகிறவர்கள் இதைக் கேட்கக் கூச்சப்படவே கூடாது. அந்த ஒரு வார்த்தையை முதல் தடவை நான் கேட்டிருந்தால் பவளத்தின் முதுகில் வெள்ளை முடி இருந்திருக்காது.

மஞ்சள் தகடு வரவழைக்க 2,900 ரூபாய், வார் மாற்ற 400, பஸ் செலவு, சாப்பாடு எல்லாம் போக எங்கள் 18,000இல் நூற்றுச் சொச்சம் மிஞ்சியது. புதிது வாங்க வேண்டுமென்றால் என் இரண்டு மாதச் சம்பளம் போதாது.

பெரியவர் வந்து முதலில் துணி எதுவும் போடாமல் வெறும் முதுகில் சேணத்தை வைத்தார். கொஞ்சம் முன்னால் வைத்து, முடியின் போக்கிலேயே பின்னால் நகர்த்தினார். தானாக ஓர் இடத்தில் போய் நின்றது. முன்மேட்டுக்கும் பவளத்தின் எலும்பு மேட்டுக்கும் நடுவே மூன்று விரல் போனது. மகள் ஏறி உட்கார்ந்த பிறகு இரண்டு விரல். தகட்டின் சாய்வும் தோளின் சாய்வும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும் என்று குனிந்து பார்த்தார். பிறகு சேணத்துக்கு அடியில் கையை விட்டு முன்னாலிருந்து பின்னால் வரை மெதுவாக ஓட்டினார். என் அப்பாவின் கை ஞாபகம் வந்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்கேயும் கை நெரியவில்லை, எங்கேயும் வெற்றிடம் இல்லை. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு இறக்கினோம். வேர்வை இரண்டு பக்கமும் ஒரே சீராக இருந்தது, நடுவில் முதுகெலும்பு மேல் ஒரு கோடு மட்டும் காய்ந்திருந்தது. அங்கே காய்ந்துதான் இருக்க வேண்டும்.

காதை மடக்குவது நிற்க மூன்று வாரம் ஆனது. வலி போனாலும் அதன் நினைவு உடனே போகாதுபோல. ஒரு நாள் காலையில் சேணத்தோடு மகள் போனபோது பவளம் காதை முன்னால் வைத்தபடியே நின்றது. மகள் ஓடி வந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். போன கார்த்திகையில் மறுபடி கம்பி வைத்து வரைந்து பார்த்தோம். தோள் விரிந்திருந்தது. மஞ்சளை எடுத்துவிட்டுப் பச்சை போட்டிருக்கிறோம். அகலம் மாற்ற முடியாத சேணம் வாங்கியிருந்தால் இப்போது மூன்றாவது சேணம் தேடிக்கொண்டிருப்போம்.

அகலத்தில் சந்தேகம் வந்தால் ஒரு அளவு பெரிதாகப் போட்டுக்கொண்டால் பாதுகாப்பு என்று சிலர் சொல்லக் கேட்டேன், அது தவறு. பெரிதாக இருந்தால் சேணம் இறங்கி எலும்பிலேயே உட்காரும், எங்களுக்கு முதலில் நடந்தது அதுதான். குறுகலாக இருந்தால் கீழே கனத்த கம்பளியைப் போட்டுச் சரிசெய்யலாம் என்பதும் தவறு. தலைக்குச் சின்னதான ஹெல்மெட்டுக்குள் துண்டைக் கட்டிக்கொண்டு போட்டால் இன்னும்தானே இறுகும்?

கான்பூரில் செய்யும் தோல் சேணங்கள் நம் நாட்டிலேயே கிடைக்கின்றன. புவிசார் குறியீடு பெற்றவை, வெளிநாட்டுக்கெல்லாம் போகின்றன. அவற்றை நான் குறை சொல்ல வரவில்லை. அளவு சரியாகத் தெரிந்து வாங்கினால் பணம் குறைவாக உள்ளவர்களுக்கு அதுவும் நல்ல வழி. ஆனால் அளவு எடுத்துக்கொண்டு போகிறவர்கள் எத்தனை பேர்? இருக்கை 17 இஞ்சா 16 இஞ்சா என்று ஏறுபவரின் அளவைத்தான் கேட்கிறோம், சுமப்பதன் அளவை யாரும் கேட்பதில்லை. ஊட்டியிலும் கொடைக்கானல் ஏரிக்கரையிலும் குதிரை வைத்துப் பிழைப்பவர்களுக்கும் இதைச் சொல்லத் தோன்றுகிறது. ஒரே சேணத்தை நான்கு குதிரைக்கு மாற்றிப் போட்டால் ஏதாவது ஒன்றுக்குக் கட்டாயம் புண் வரும். புண்ணுள்ள பிராணியை வேலை வாங்குவது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். குதிரை படுத்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு அன்றைய சோறும் இல்லை.

ஆகவே கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு உங்கள் பத்திரிகை வழியாக ஒரு வேண்டுகோள். வரும் ஆடியில் அந்தியூர் சந்தையில் ஒரு மேசை, ஒரு டாக்டர், நாலு முழம் கம்பி, கொஞ்சம் அட்டை வைத்தால் போதும். குதிரை வாங்கிய ஒவ்வொருவருக்கும் அதன் முதுகை வரைந்து வெட்டி, தேதி போட்டுக் கையில் கொடுங்கள். அதோடு தொட்டால் நழுவுகிறதா, வெள்ளை முடி இருக்கிறதா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு குதிரைக்குக் கால் மணி நேரம்கூட ஆகாது. பெரியவரும் என் மகளும் நான்கு நாளும் வந்து கூட நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பள்ளி விடுமுறை நாளில் வேனை எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன், கம்பியும் அட்டையும் என் செலவு.

இப்படிக்கு,
பள்ளி வேன் ஓட்டுநர்,
அத்தாணி அருகில், ஈரோடு மாவட்டம்.